முதலில் துப்பச் சொல்ல வேண்டும்

எங்கள் வீட்டில் என் கணவர் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் சிரித்தாக வேண்டும். சிரித்து, இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டி, "ஆமத்தூர் பஸ் போயாச்சு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் டம்ளர் அவர் கைக்குப் போகும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. பக்கவாதம் வந்தால் வாய் கோணும், ஒரு கை கீழே இறங்கும், பேச்சு குழறும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி சொந்த வீட்டில் கோட்டை விட்டால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்பது என் வாதம். காபி ஆறிவிட்டது என்பது அவருடைய வாதம்.

நான் நர்சுகளுக்குப் பாடம் நடத்துகிறவள். விருதுநகரில் வீடு. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது வேலை. மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது, பக்கவாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத தாயை எப்படிக் காப்பாற்றுவது, இந்த மூன்றும்தான் என் பாடம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ரப்பர் பொம்மை ஒன்று பெரிய பையில் என்னோடு பஸ்ஸில் வரும். பையின் ஜிப் பாதிதான் மூடும். பொம்மையின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஆமத்தூரில் ஏறிய பெரியம்மா ஒருவர், "அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டாதா தாயி? ஜிப்பத் தெறந்து விடு" என்று என்னைத் திட்டிவிட்டு இறங்கினார். மூச்சைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான் ஜிப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

எனக்குக் குரல் பெரிது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் நான் நின்றால், மைக்கை என் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுவார்கள். வகுப்பில் அந்தக் குரலுக்குக் கொண்டாட்டம்தான். கோபமும் சீக்கிரம் வரும். பாடம் நடக்கும்போது யாராவது செல்போனைப் பார்த்தால் ரப்பர் பொம்மையைத் தூக்கி அவர் மடியில் வைத்து, "இவருக்கு மூச்சு நின்னுபோச்சு. மெசேஜ் பார்த்து முடிச்சிட்டு எழுப்புங்க" என்பேன். இதையெல்லாம் நல்ல ஆசிரியரின் லட்சணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்து நர்சுகளுக்குத் தீக்காயம் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைப் பக்கம் சத்தம் கேட்டால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே இங்கே கட்டில்கள் தயாராகிவிடும். ஆனால் சத்தமில்லாமல் வருகிற வியாதிகளை யாரும் மதிப்பதில்லை. நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடிப்பார்கள். கை மரத்துப்போனால் ராத்திரி அந்தப் பக்கமாகப் படுத்ததால் என்பார்கள். பிள்ளை பெற்றவள் கிறுகிறுவென்று வருகிறது என்றால், பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள் என்று போர்த்திவிடுவார்கள். அதனால்தான் நான் கத்துகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நாடகம் இல்லாமல் எனக்குப் பாடம் வராது. ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், எல்லோரும் குறைத்தே சொல்லுவார்கள். அதைக் காட்ட, துணியில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி எவ்வளவு இருக்கும் என்று கேட்பேன். கடையில் வாங்கிய சாயம் வெளிறிப்போய் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறது என்று, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் உறவுக்காரரிடம் பட்டாசுப் பெட்டிக்கு அடிக்கிற சிவப்பு மை கேட்டு வாங்கினேன். தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆனால் காய்ந்துவிட்டால் மழையில் நனைந்தாலும் போகாது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் வகுப்பு முடிந்து, எத்தனையோ நர்சுகள் சிவந்த கைகளோடு வீட்டுக்குப் போய், தம் மாமியார்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் நான் மையை விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டால் போயிற்று என்றேன்.

இனி சொல்லப்போவதை நான் மறக்க நினைத்தாலும் மற்றவர்கள் மறக்க விடமாட்டார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். அன்று பக்கவாத வகுப்பு. தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர், மரியாதைக்காகச் சுவரோரம் நின்றிருந்தார். முன்வரிசையில் அந்த நிலையத்து சிஸ்டர் இருந்தாள். எங்கள் சபைதான். ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவள். நான் கையை ஓங்கி, "பக்கவாதம் எப்ப, எந்த வாசல்ல வந்து நிக்கும்னு யாருக்கும் தெரியாது!" என்று முழங்கினேன். முழங்கிவிட்டு வாசலைப் பார்த்தேன். அங்கே ஓர் ஆள் நின்றிருந்தார்.

ஐம்பது வயதிருக்கும். கைலி, அழுக்குச் சட்டை. ஆலையிலிருந்து நேராக வந்திருந்ததால், முகத்தில் அலுமினியப் பொடி மின்னியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஓரத்தில் எச்சில் வழியப் பார்த்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "ம்மா... ப்ழெஷ... மாத்ழெ..." என்றுதான் எனக்குக் கேட்டது.

என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்?

"அண்ணாச்சி, சிரிங்க!" என்றேன். அவர் பயந்துபோய்ச் சிரித்தார். ஒரு கன்னம் மட்டும் அசைந்தது. "ரெண்டு கையையும் தூக்குங்க!" இடது கை மேலே போனது. வலது கை இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆமத்தூர் பஸ் போயாச்சுன்னு சொல்லுங்க!" அவர் கூரையைப் பார்த்து அண்ணாந்து, தொண்டைக்குள் களகளவென்று எதையோ சொன்னார். கழுத்தும் இழுத்துக்கொண்டது என்று நான் முடிவு செய்தேன்.

"பாத்தீங்களா? மூணும் இருக்கு! கட்டிலக் கொண்டாங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க! யாரும் பதறக் கூடாது!" அங்கே பதறியது நான் ஒருத்திதான். நாலு பேராக அவரைத் தூக்கிச் சக்கரக் கட்டிலில் கிடத்தினோம். ஒருத்தி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்க அறிவித்தேன். அவர் திமிறினார். "திமிறுவாரு, பிடிச்சுக்கோங்க, மூளைக்கு ரத்தம் போகல" என்று பாடத்தையும் நடத்தினேன். அவர் ஒருவழியாக ஒருக்களித்து, வலது கையால் இடுப்பைப் பிடித்தபடியே, இடது கையால் சுவரைக் காட்டினார். சுவரில் 'இங்கே எச்சில் துப்பாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

சிஸ்டருக்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிப்போய் ஒரு தட்டு கொண்டுவந்து அவர் வாயருகில் நீட்டினாள். அவர் துப்பினார். நிதானமாக, நெடுநேரம் துப்பினார். கன்னம் வடிந்தது. வாய் நேரானது.

"ஏம்மா," என்றார் கணீரென்று, "பிரஷர் மாத்திரை வாங்க வந்தேன். இங்கன துப்பக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீக. போயிலைய வெளிய போய்த் துப்பிட்டு வாறதுக்குள்ள, பிடிச்சுக் கட்டில்ல ஏத்திட்டீகளே!"

நான் கடைசி நம்பிக்கையோடு, "அப்ப அந்த வலது கை?" என்று கேட்டேன்.

"கைலி அவுந்துருச்சும்மா. அத விட்டுட்டுக் கையத் தூக்கச் சொன்னா எப்படி? இம்புட்டுப் பொம்பளையாளுக இருக்கீக!"

சிரிப்பு தாழ்வாரத்தில் ஆரம்பித்து, மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை போனது. இளம் டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் பார்க்காதது போல இருந்தேன். ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினோம்.

இத்தனைக்கும் நான் வெளியூர்க்காரி இல்லை. பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டியும் பீடியும் போகாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பழக்கம் விடாதவர்கள் என்ன செய்வார்கள்? புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வார்கள். அதக்கிய வாயோடு பேச வேண்டுமென்றால் அண்ணாந்துதான் பேச வேண்டும். என் அப்பாவே எனக்குப் பாதி புத்திமதியைக் கூரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் நான் படித்த பயிற்சிப் புத்தகத்தில் போயிலை இல்லை. புத்தகத்தில் இல்லாததால் என் கண்ணிலும் படவில்லை.

அந்த அண்ணாச்சி கோபப்படவில்லை. அவர் ஆலையில் தரைச்சக்கரங்களைக் கையால் சுற்றிச் செய்கிறவர். மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, போகும்போது என் பக்கம் திரும்பி, "நம்ம மேல எம்புட்டு அக்கறை!" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், மிச்ச வகுப்பு முழுவதும் ரப்பர் பொம்மையின் நெஞ்சைப் போட்டு அழுத்தினேன்.

செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. அடுத்த வாரம் சாத்தூர்ப் பக்கம் வகுப்பு. "பக்கவாதம்னு சந்தேகம் வந்தா மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில், "துப்பச் சொல்லணும் மேடம்!" என்றது. முகம், கை, பேச்சு, நேரம் என்று நாலு படியாக நான் சொல்லிக்கொடுத்ததற்கு ஐந்தாவதாக ஒரு படி முளைத்து, அது முதல் படியாகவும் ஆகிவிட்டது. சபையில் சிஸ்டர் என் கணவரிடமும் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் அவர் நேராக வாஷ்பேசினுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து, "இப்ப சிரிக்கலாமா?" என்று கேட்டார். அன்று காபியில் சர்க்கரை இல்லாததற்கு அவருடைய வியாதி மட்டும் காரணமல்ல.

கேலியை நான் தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ளாவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆனால் எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. இனிமேல் இவர்கள் கோணிய வாயைப் பார்த்தால் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் யோசிப்பார்கள். பக்கவாதத்தில் அந்தச் சிரிக்கிற நேரம் மூளைக்குச் சேர வேண்டிய நேரம். நான் செய்த கூத்தால் நாளைக்கு ஒருவர் கை காலை இழந்து கிடந்தால்? மறுபடி அந்தப் பழைய சுகாதார நிலையத்துக்குப் போனபோது இதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "வாய் கோணினா உடனே போயிலைன்னு நினைச்சிராதீங்க" என்று ஆரம்பித்ததுமே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "துப்பச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் மேடம்? அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துருங்களேன்" என்றார் இளம் டாக்டர். நல்ல யோசனைதான். என் கௌரவம் ஒத்துக்கொள்ளவில்லை. நாலுக்கு மேல் ஐந்து கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த அண்ணாச்சிக்கோ என்னால் ஒரு வாழ்வு வந்துவிட்டது. டீக்கடையில், ஆலையில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் அந்தக் கதைதான். சும்மா சொல்ல மாட்டாராம், நடித்துக் காட்டுவாராம். கன்னத்தை உப்பி, வாயைக் கோணி, ஒரு கையைத் தூக்கி, மறு கையால் கைலியைப் பிடித்து, பிறகு என் குரலில் "பதறக் கூடாது!" என்பாராம். மாத்திரை வாங்க வரும்போது நான் அங்கே இருந்தால் வாசலில் நின்று ஒரு கையை மட்டும் தூக்குவார். "பக்கவாதத்தம்மா, சௌக்கியமா இருக்கீகளா?" என்பார். நான் முறைப்பேன். அவர் போன பிறகு எனக்கும் சிரிப்பு வரும்.

தீபாவளி நெருங்கியது. ஆலைகளில் சீசன். ஆர்டர் குவிந்து கிடக்க, லாரிகளில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அதே சுகாதார நிலையத்தில் பிரசவ ரத்தப்போக்கு வகுப்பு வைத்தேன். உள்ளறையில் துணியை விரித்து மைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கையுறையும் கிழிந்து, கைகள் முழங்கைவரை சிவந்துவிட்டன. அந்த எரிச்சலில் இருந்தபோது வெளியே சிஸ்டரின் குரல் கேட்டது.

"வாங்க அண்ணாச்சி! மேடம் உள்ளதான் இருக்காங்க. நடிப்பெல்லாம் அப்புறம், மொதல்ல குழாயடியில போய்த் துப்பிட்டு வாங்க!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். வகுப்பு நேரத்தில் வந்து மானத்தை வாங்குகிறாரே, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நான் வெளியே வந்தேன்.

அவர் குழாயடியில் நின்றிருந்தார். அவர் மனைவி ஒரு கையால் அவர் இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரை அள்ளி அவர் வாயில் ஊற்றினார். அவர் துப்பினார். போயிலை போடுகிறவர்கள் துப்பினால் குறி தவறாமல் தூரமாகப் போய் விழும். இது தூரம் போகவில்லை. உதட்டின் ஒரு ஓரத்தில் வழிந்து, தாடையில் இறங்கி, சட்டையை நனைத்தது. வெறும் தண்ணீர். போயிலைச் சாறு ஒரு சொட்டு இல்லை. வாய் கோணியபடியே இருந்தது.

"பக்கவாதம்!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் அந்தப் பழைய சிரிப்பு. அதே இடம், அதே ஆள், அதே வார்த்தை, அதே தொண்டை. போதாக்குறைக்கு என் கைகள் இரண்டும் ரத்தச் சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு நாடகத்தின் இரண்டாம் காட்சி என்றுதான் தோன்றியிருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக, என் குரலால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனது.

அவர் மனைவிதான் பேசினார். மெதுவாகத்தான் சொன்னார். "நெசந்தான் தாயி. மொதல்ல நானும் வழக்கம்போல உங்களப் போல நடிச்சுக் காட்டுறாகன்னுதான் நெனச்சேன். வாயக் கோணுனாக, சிரிச்சேன். ஒளறுனாக, அதுக்கும் சிரிச்சேன். பொறவு கைலி அவுந்து விளுந்துச்சு. அவுக அதப் பிடிக்கல. தெருவுல நிக்கோம், பிடிக்கவே இல்ல. எங்க வீட்டு ஆளு கைலிய விட்டுட்டு நடிக்க மாட்டாக. நாந்தான் இறுக்கிக் கட்டி ஆட்டோவுல ஏத்திக் கூட்டியாந்தேன்."

நான் அவர் இடுப்பைப் பார்த்தேன். கைலி முடிச்சு இறுக்கமாக இருந்தது. வலது கை அதைப் பிடிக்கவில்லை. அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

சிஸ்டரின் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்தாற்போல் போனது. அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று பின்னாலேயே கிடந்தது. நான் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கட்டிலைக் கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். யாரோ பதற்றத்தில் பிரஷர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவர, "வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாது, புரையேறிரும்" என்று தடுத்தாள். "கடைசியா எப்ப நல்லா இருந்தாக? யோசிச்சுச் சொல்லுங்க" என்று மனைவியிடம் கேட்டாள். வேலைக்குக் கிளம்பித் தெருவில் இறங்கியபோது நன்றாகத்தான் பேசினாராம், தெருமுனையில்தான் வாய் கோணியதாம். இளம் டாக்டர் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்து ஸ்கேனுக்குத் தயாராக இருக்கச் சொன்னார். நான் நடுவில் நின்றுகொண்டு, ஈரமான சிவப்புக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் என்னைப் பார்த்ததும், கட்டிலை நேராக என் பக்கம்தான் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். அண்ணாச்சியின் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். கேலியாகத்தான் இருக்கும். அது வார்த்தையாக வரவில்லை. அவர் மனைவி அந்த வலது கையை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். "மாத்திரை தீந்துபோச்சு தாயி. சீசன்ல லீவு போட முடியல, தீவாளி கழிச்சு வாங்கிக்கிருதேன்னாக." கொஞ்ச தூரம் போனதும், "சக்கரம் சுத்துற கை இது. இது போச்சுன்னா அவுக சிரிக்க மாட்டாக" என்றார். எத்தனையோ வருடமாகப் பக்கவாதம் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு கை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அடைப்புதான், ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். "நேரத்தோட கொண்டுவந்துட்டீங்க. பேச்சு திரும்பிரும்னு நினைக்கிறேன். கை எப்படின்னு போகப்போகத்தான் தெரியும்" என்றார் அங்கிருந்த டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்தேன். என் கைகளைப் பார்த்த ஓர் அம்மா, பாவம் என்று ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்ததும் சிஸ்டரைப் பார்ப்பேன். "பேச்சு வந்துருச்சு மேடம். நடக்காக. கைதான்..." என்பாள். அடுத்த வாரமும் கைதான். அதற்கடுத்த வாரம் கேட்கப் பயந்துகொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் தரைச்சக்கரம் விட்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். வீட்டில் சிரிக்கச் சொல்வதையும் நிறுத்தியிருந்தேன். என் கணவர் தானாகவே காபிக்கு முன்னால் வந்து நின்று, சிரித்து, கைகளை நீட்டி, ஆமத்தூர் பஸ் போயாச்சு என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து மறுபடி அதே சுகாதார நிலையத்தில் பக்கவாத வகுப்பு. இந்தத் தடவை பலகையில் முதல் வரியை நானே எழுதினேன்: 'முதலில் துப்பச் சொல்ல வேண்டும். துப்பிய பிறகும் வாய் கோணியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.' யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. கேலியே தேவலை என்று தோன்றியது.

வகுப்பு பாதியில் வாசலில் நிழல் தட்டியது. அண்ணாச்சி நின்றிருந்தார். மெலிந்திருந்தார். பின்னால் அவர் மனைவி. மாத்திரை வாங்கும் நாள். வகுப்பே அவரைத்தான் பார்த்தது. நான் பேச்சை நிறுத்தினேன்.

"என்னம்மா," என்றார், கொஞ்சம் இழுத்தாற்போல், ஆனால் தெளிவாக. "பாடம் நடக்கா? நம்மளச் சோதிக்கலையா?"

எனக்குச் சோதிக்கவே பிடிக்கவில்லை. தெரியாமலே இருந்துவிட்டால் நல்லது என்று இருந்தது. ஆனாலும் வாய் பழக்கத்தில், "சிரிங்க அண்ணாச்சி" என்றது. சிரித்தார். வாய் நேராகத்தான் இருந்தது. "ஆமத்தூர் பஸ்..." என்று நான் தொடங்குவதற்குள், "போயாச்சும்மா, போயாச்சு" என்றார். மீதமிருந்தது ஒன்றுதான். "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். என் பெரிய குரல் எனக்கே கேட்கவில்லை.

இடது கை மேலே போனது. வலது கை போகவில்லை.

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் அந்த வலது கையைப் பார்த்தேன். அது தொங்கவில்லை. இடுப்பில் கைலியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொறுங்கம்மா, அவசரப்படுத்தாதீக," என்றார். இடது கையை இறக்கினார். இரண்டு கைகளாலும் கைலியை உதறி, இழுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டார். வலது கை கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வேலை செய்தது. அவர் மனைவி உதவிக்கு வரவில்லை. முடிச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கினார். வலது கை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. நடுங்கியது. ஆனால் நின்றது.

நான் அழுதேன். வகுப்பு முன்னால், பலகையோரம் நின்று, மூக்கு ஒழுக அழுதேன். சிஸ்டர் எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மேடம், வாய் கோணுது. மொதல்ல துப்புங்க."

தாழ்வாரம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். இளம் டாக்டர் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அண்ணாச்சி இன்னும் இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றிருந்தார். இறக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.